ஹைபர்னேட்டா, ஜூக்கா? கேட்டவையும் சொன்னவையும்

ஜாவாவில் தரவுத்தளத்தோடு பேச எந்த லைப்ரரி நல்லது என்று கொழும்பில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் கேட்டவை இவை. ஜாவாவோடு 14 வருடம் மல்லுக்கட்டியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு பில்லும் இருப்பும் பார்க்கிற மென்பொருள் செய்கிறோம். மூன்று பேர்தான். ஹைபர்னேட் எடுக்கவா, ஜூக் எடுக்கவா?

பதில்: முதலில் உங்கள் திரைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பில்லைத் திறந்து, திருத்தி, சேமிக்கிற திரைகள் எத்தனை? இந்த மாதம் எந்தச் சரக்கு எவ்வளவு போனது என்று காட்டுகிறவை எத்தனை?

முதல் வகை கூட என்றால், அட்டவணை வரிசைகளை ஜாவா பொருள்களாக்கித் தருகிற ஹைபர்னேட். பில்லும் அதன் வரிகளும் பொருள்களாக உங்கள் கையில் இருக்கும். ஒரு வரியில் அளவை மாற்றினால் போதும், ஒன்றாகச் சேர்ந்து முடிகிற வேலைத்தொகுதியான டிரான்ஸாக்‌ஷன் முடியும்போது எது மாறியது என்று அதுவே பார்த்து எழுதிவிடும். அறிக்கைக்கு இந்த வித்தை வீண் பாரம். நாலு கூட்டுத்தொகை வாங்க எதற்கு இவ்வளவு பொருள்கள்? அங்கே எஸ்கியூஎல்லை (தரவுத்தளத்திடம் கேட்கிற மொழி) நாமே எழுதுகிற ஜூக், அல்லது ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் ஜேடிபிசி டெம்ப்ளேட்.

இரண்டையும் ஒரே திட்டத்தில் வைத்துக்கொள்ளலாம், குற்றமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஹைபர்னேட்டில் சேமித்த கையோடு அதே டிரான்ஸாக்‌ஷனில் ஜூக் போன்றதன் வழியே நேரடி எஸ்கியூஎல் ஓட்டினால் பழைய எண் வரலாம். ஹைபர்னேட் மாற்றத்தை இன்னும் தளத்துக்கு அனுப்பாமல் வைத்திருக்கும். இடையில் ஃப்ளஷ் செய்து, வைத்திருப்பதை அனுப்பிவிடுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு இரவு போனது.

கேள்வி: ஹைபர்னேட் போட்டோம், வாடிக்கையாளர் பட்டியல் ஆமை வேகம். தூக்கி எறியவா?

பதில்: பொறுங்கள் தம்பி. ஓடுகிற எஸ்கியூஎல்லை லொக்கில் (நடப்பதைப் பதிகிற பதிவில்) காட்டச் சொல்லிப் பார்த்தீர்களா? 200 வாடிக்கையாளரை எடுக்க ஒரு வினவல், பிறகு ஒவ்வொருவரின் பில்களுக்கும் ஒவ்வொன்று, ஆக 201 ஓடிக்கொண்டிருக்கும். என் மடிக்கணினியில் ஐந்து வாடிக்கையாளரை வைத்துச் சோதித்துவிட்டு, நானும் இதே பிழையோடு ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் தேநீர் வரவழைத்துக் குடித்து முடித்தார், பட்டியல் வரவில்லை.

மருந்து ஜொயின் ஃபெட்ச், அதாவது பில்களையும் அதே வினவலில் சேர்த்து எடுப்பது. ஆனால் பக்கம் பக்கமாகப் பிரிக்கிற பட்டியலில் பில்களையும் அப்படி இழுத்தால், எல்லா வரிசைகளையும் நினைவகத்துக்குக் கொண்டுவந்து அங்கே வைத்துத்தான் ஹைபர்னேட் பக்கம் பிரிக்கும். அந்த இடத்தில் பேட்ச் சைஸ் வையுங்கள், பல வாடிக்கையாளரின் பில்களை ஒரே வினவலில் எடுக்கும். பட்டியலில் பெயரும் பாக்கியும் மட்டும்தான் வேண்டும் என்றால், அந்த இரண்டை மட்டும் கேட்டு வாங்குங்கள், அதுதான் இன்னும் நல்லது.

கேள்வி: ஜூக் இலவசம்தானே?

பதில்: போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல்லுக்கு ஆம். ஒராக்கிள், எஸ்கியூஎல் சேர்வர் என்றால் காசு. வாடிக்கையாளரிடம் என்ன தளம் இருக்கிறது என்று விலை சொல்லும் முன்பே கேளுங்கள். எனக்கு அதில் பிடித்தது, அட்டவணைகளைப் பார்த்து அதுவே கிளாஸ்களை உருவாக்குவது. யாராவது அட்டவணையில் ஒரு நிரலின் (கொலம்) பெயரை மாற்றினால், மறுபடி உருவாக்கியதும் கம்பைல் ஆகாமல் நிற்கும். கடை திறந்த பிறகு வெடிக்காது.

கேள்வி: மைபாட்டிஸ் பழசு என்கிறார்களே அண்ணாமார்?

பதில்: மைபாட்டிஸ், நாமே எழுதும் எஸ்கியூஎல்லை ஜாவாவோடு இணைக்கிற இன்னொரு லைப்ரரி. 2010இல் ஐபாட்டிஸ் என்ற முந்தைய லைப்ரரியிலிருந்து பிரிந்து வந்தது. பழசென்றால் ஹைபர்னேட் அதைவிடப் பழசு, 2001. யாரோ முன்பே கட்டிவைத்த, நம் கிளாஸ்களோடு ஒட்டாத அட்டவணைகளுக்கு மைபாட்டிஸ் நன்றாக ஒத்துவரும். மதிப்புகளை # குறியோடு கொடுங்கள். $ போட்டால் பயனர் தட்டியது அப்படியே எஸ்கியூஎல்லுக்குள் போய்விடும். கள்ளனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கணக்கு.

கேள்வி: பழைய பாடத்தைப் பார்த்து எழுதினேன். ஸ்பிரிங் பூட் 3இல் என்டிட்டி (அட்டவணைக்கு ஈடான கிளாஸ்) எல்லாம் பிழை காட்டிச் சிவப்பாக நிற்கிறது.

பதில்: இம்போர்ட் வரிகளில் ஜாவாக்ஸ் பெர்சிஸ்டன்ஸ் என்பதை ஜகார்த்தா பெர்சிஸ்டன்ஸ் ஆக்குங்கள். அவசரத்தில் எல்லா ஜாவாக்ஸையும் மாற்றிவிடாதீர்கள். ஜாவாக்ஸ் எஸ்கியூஎல் ஜாவாவோடேயே வருவது, அது அப்படியே இருக்கட்டும்.