பெப்பர் கோரிக்கு ஹீட்டர் வேண்டுமா?

கேள்வி: இரண்டடித் தொட்டியில் ஆறு பெப்பர் கோரிடோராஸ் (சுருக்கமாக கோரி, அடியில் மேயும் சின்னக் கெளுத்தி மீன்) இருக்கின்றன. தென் அமெரிக்க மீன், மார்கழிக் குளிர் தாங்காது என்று கடையில் சொன்னதால் ஹீட்டரை 28 டிகிரியில் வைத்தேன். இப்போது அடிக்கடி மேலே பாய்ந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகின்றன. நோயா? – சென்னை வாசகர்

பதில்: முதலில் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். தென் அமெரிக்கா என்றாலே அமேசான் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த மீனின் ஊர் அதற்கு வெகு தெற்கே: பரானா ஆற்றின் கீழ்ப்பகுதி, உருகுவே ஆறு, தெற்கு பிரேசிலின் கடலோர ஆறுகள். பீகிள் கப்பலில் போன டார்வின் சேகரித்து வந்த மீன்களில் இதுவும் ஒன்று. 1842இல் ஜெனின்ஸ் என்பவர் பெயர் வைத்தார். புவனோஸ் அயர்ஸ் பக்கம் ஜூன், ஜூலைதான் குளிர்காலம். அப்போது ஓடைத் தண்ணீர் 15 டிகிரிக்கும் கீழே போய்விடும். தொட்டியில் 18 முதல் 23 வரை இருந்தால் இதற்குச் சுகம். சென்னை மார்கழி இதற்குக் குளிரே இல்லை.

காற்றுக் குடிப்பது நோயல்ல. கோரிகள் காற்றை விழுங்கி, குடலின் பின்பகுதி வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எப்போதாவது ஒரு தடவை மேலே போய் வந்தால் விட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு நிமிடம் போகிறது, கீழே உட்கார்ந்திருக்கும்போதும் செவுள் மூடி படபடவென்று அடிக்கிறது என்றால் மூச்சு போதவில்லை என்று அர்த்தம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் சூடு ஏற ஏற மீனுக்குத் தேவை கூடும்.

ஏர் பம்பை இரவிலும் ஓடவிடுங்கள். ஐஸ் கட்டி போட வேண்டாம், திடீர் இறக்கம் ஆகாது. கோடையில் மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். வற்றும் தண்ணீரை மட்டும் அவ்வப்போது நிரப்புங்கள்.

அப்புறம், சித்திரை வெயிலில் தொட்டி 30ஐத் தாண்டும் வீடென்றால் இனி பெப்பர் வாங்காதீர்கள். ஸ்டெர்பாய் கோரி வாங்கலாம், பிரேசில்–பொலிவியா எல்லையில் ஓடும் குவாபோரே ஆற்றுப் பக்கத்து மீன், பெப்பரைவிடச் சூடு தாங்கும், வெதுவெதுப்பான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ் மீனோடு சேர்த்தே வளர்க்கிறார்கள். பாண்டா கோரி அழகுதான், ஆனால் ஆண்டிஸ் மலையடிவாரத்து மீன். அதற்கும் 25க்கு மேல் ஆகாது. வெள்ளைக் கோரி என்று விற்பது புரோன்ஸ் (வெண்கல) கோரியாகவும் இருக்கும், பெப்பராகவும் இருக்கும். எது என்று கேட்டு வாங்குங்கள்.