கொரோனா டூட்டி முடிந்தும் மனசு டூட்டியிலேயே நிற்கிறதா? சிஸ்டரிடம் கேள்வி பதில்

36 வருடம் நர்ஸ் வேலை, அதில் கடைசிப் பத்து மனநல வார்டில். 2020, 2021 இரண்டு அலையிலும் மதுரையில் டூட்டி பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். எந்த மாத்திரை போடலாம் என்று கேட்டவர்கள் டாக்டரைப் பாருங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், மேலூர்: சிஸ்டர், டூட்டிக்குக் கிளம்பினாலே காலில் கல்லைக் கட்டின மாதிரி இருக்கு. நோயாளி கூப்பிட்டால் எரிச்சல் வருது. முன்னே நான் இப்படி இல்லை. இது என்ன வியாதி?

வியாதி என்று பெயர் வைக்காதீர்கள். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட புதிய நோய்ப் பட்டியல்கூட ‘பர்ன் அவுட்’டை நோயாகச் சேர்க்கவில்லை, வேலையால் வரும் நிலை என்றே சொல்கிறது. அதற்கு மூன்று அடையாளம். உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்பு வருவது, என்ன செய்தும் பிரயோஜனமில்லை என்று தோன்றுவது. உங்கள் எரிச்சல் இரண்டாவது வகை. ‘14-ஆம் பெட்’ என்று சொல்கிறோம், படுத்திருப்பவர் பேர் ஞாபகம் வருவதில்லை இல்லையா, அதுதான். நீங்கள் கெட்டவளாகிவிடவில்லை. தாங்க முடியாத நேரத்தில் மனசு கதவைச் சாத்திக்கொண்டது, அலை ஓய்ந்த பிறகும் திறக்கவில்லை.

கொடைக்கானல் போய்வா, யோகா செய் என்பார்கள். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் திரும்பி வந்ததும் அதே நாற்பது பெட்டுக்கு ஒரே நர்ஸ் என்றால் பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். மாற வேண்டியது டூட்டி லிஸ்ட். தொடர் நைட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். ஷிஃப்ட் மாற்றும்போது காலை, மாலை, இரவு என்ற வரிசையில் போனால் உடம்பு தாங்கும், தலைகீழாகப் போனால் தாங்காது. தனியாகப் போய்க் கேட்டால் ‘உனக்கு மட்டும் என்ன?’ என்பார்கள். நாலு பேராகப் போங்கள்.

நர்ஸின் கணவர், திருமங்கலம்: இவள் லீவு நாளிலும் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விடிய விடிய ஆற்றங்கரையில் நிற்கிறவள், இந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக்கூட வரலை.

தம்பி, இதைத் தள்ளிப்போடாதீர்கள். வேலைச் சோர்வு என்றால், வேலையை விட்டுத் தள்ளியிருக்கும்போது கொஞ்சமாவது தெளியும். பிடித்தது எதுவும் பிடிக்காமல், தூக்கம் பசி கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. 14416, டெலி மானஸ், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டராக) இருந்தவர்: 2021 மே மாதம் ஆக்சிஜன் பெட் ஒன்று, வாசலில் மூன்று பேர். ‘இடமில்லை’ என்று போய்ச் சொன்னது நான்தான். நல்லாத்தான் தூங்குறேன், லீவும் இருக்கு. ஆனால் அந்த முகங்கள் போகலை.

உங்களுக்கு இருப்பது களைப்பே இல்லை, டாக்டர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜோனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை அறக்காயம் என்ற பொருளில் சொன்னார். தப்பு என்று மனசு சொல்வதைச் செய்ய வேண்டிய நிலையில் நிறுத்தப்பட்டவர்களுக்கு வருவது. தூங்கித் தீராது. அன்றைக்கு ராத்திரி கூட நின்ற சீனியரைத் தேடிப்போய் உட்காருங்கள். எத்தனை பெட் இருந்தது, முடிவு யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பேசிப் பாருங்கள். பெட் இல்லாமல் போனதற்கு 23 வயசுப் பையன் எப்படிப் பொறுப்பாவான்?

ஆம்புலன்ஸ் ஓட்டுநர், உசிலம்பட்டி: தத்தனேரி சுடுகாட்டுக்கு எத்தனை தடவை போனேன் என்று கணக்கே இல்லை. ‘மனசு விட்டுப் பேசு’ என்று வீட்டில் தினமும் நச்சரிக்கிறாங்க.

பேச வரவில்லை என்றால் பேச வேண்டாம். கோரம் பார்த்தவரை உடனே உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொன்னால் பின்னால் பாதிப்பு வராது என்று முன்பு நம்பினார்கள். ஆராய்ச்சிகளில் அது எடுபடவில்லை. ஆனால் சானிடைசர் வாசம் பட்டாலே அந்த நாள் திரும்ப வருகிறது, அந்த ரோட்டையே தவிர்க்கிறீர்கள் என்றால் சிகிச்சை இருக்கிறது, பலனும் உண்டு.

நர்ஸ், மதுரை: நைட் முடித்துத் தூங்க வார்டில் இருக்கிற அல்ப்ரஸோலம் அரை மாத்திரை?

கூடாது. சில வாரத்திலேயே பழகிவிடும், விடுவது கஷ்டம். பாதி டூட்டிக்கு அப்புறம் காபி வேண்டாம், வெளிச்சம் பட்டுத் தூக்கம் கலையாமல் இருக்க வீடு திரும்பும்போது கூலிங் கிளாஸ், ஜன்னலுக்குக் கெட்டித் துணி.

தூய்மைப் பணியாளரின் மகள், செல்லூர்: அம்மா ஒப்பந்தத்தில் இருந்தவங்க. இதெல்லாம் டாக்டர், நர்ஸுக்கு மட்டும்தான் வருமா?

வார்டைக் கழுவியவரும் அதே சாவைத்தான் பார்த்தார், நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் வேறு. மேலே சொன்னது எல்லாம் அம்மாவுக்கும் பொருந்தும். ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிபிஇ பாதுகாப்பு உடை போட்டால் பாத்ரூம் போக முடியாது என்று தண்ணீர் குடிக்காமலே இருந்தோம், அந்தப் பழக்கம் அவருக்கு இன்னும் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.