இரும்பு அயனியில் முதலில் போவது எந்த எலக்ட்ரான்?

கேள்வி: இரும்பின் எலக்ட்ரான் அமைப்பில் 4எஸ்² நிரம்பிய பிறகுதான் 3டி⁶ நிரம்புகிறது. கடைசியாக வந்ததுதானே முதலில் போகவேண்டும்? இரண்டு எலக்ட்ரானை இழந்த +2 அயனிக்கு 4எஸ்² 3டி⁴ என்று எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது. ஏன்?

பதில்: விடை தப்புதான். 4எஸ், 3டி என்பவை எலக்ட்ரான் இருக்கும் ஆற்றல் மட்டங்கள், மேலே உள்ள சிற்றெண் அங்கே எத்தனை எலக்ட்ரான் என்பதைச் சொல்கிறது. ஆர்கான் கூட்டுக்கு, அதாவது உள்ளே உள்ள 18 எலக்ட்ரானுக்கு, வெளியே 3டி⁶ மட்டும் இருக்கும், 4எஸ் காலி. ஆனால் தப்பு உங்களிடம் மட்டும் இல்லை, எந்த மட்டம் எதற்குப் பிறகு நிரம்பும் என்று காட்டும் சாய்வு அம்புக்குறிப் படத்தை உருப்போட்டவர்கள் பாதிப்பேர் இங்கேதான் விழுகிறார்கள். அந்தப் படம் ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குப் போகும்போது புது எலக்ட்ரான் எங்கே சேரும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். அங்கே ஒவ்வொரு அடிக்கும் கருவில் ஒரு புரோட்டானும் கூடுகிறது. அயனியாகும்போது இரும்பின் 26 புரோட்டானும் அப்படியே இருக்க, எலக்ட்ரான் மட்டும் கழன்றுபோகிறது. ஏறிய படியிலேயே இறங்கவேண்டிய கட்டாயம் எலக்ட்ரானுக்கு இல்லை.

நம்பிக்கை வரவில்லையா? சரி, 19 எலக்ட்ரான் உள்ள மூன்றை வரிசையாக வையுங்கள்: பொட்டாசியம் அணு, கால்சியம் +1, ஸ்காண்டியம் +2. முதல் இரண்டில் 19-வது எலக்ட்ரான் 4எஸ்-ல் இருக்கிறது, ஸ்காண்டியத்திலோ 3டி-க்குப் போய்விடுகிறது. மாறியது புரோட்டான் எண்ணிக்கைதான், 19, 20, 21. கருவின் இழுப்பு கூடக்கூட 3டி கீழே இறங்கி, ஸ்காண்டியத்திலிருந்து 4எஸ்-ஐவிட ஆற்றல் குறைந்ததாகிவிடுகிறது. அதனால் எழுதும்போதே 3டி⁶ 4எஸ்² என்று கூட்டு எண் வரிசையில் (முதலில் 3, பிறகு 4) எழுதிப் பழகுங்கள், வலது ஓரத்திலிருந்து கழித்தால் போதும்.

'ஒரே படத்தில் மொத்த அட்டவணையும்' என்று காசு வாங்கிக்கொண்டு குறுக்குவழி விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அவர்களுக்கு மனப்பாடம் விற்றால் சரி.

அப்புறம் குரோமியம். இதைத் தனியாகவே சொல்லவேண்டும். படத்தின்படி 3டி⁴ 4எஸ்², உண்மையில் 3டி⁵ 4எஸ்¹. 'பாதி நிரம்பினால் நிலைப்புத்தன்மை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 3டி-யில் ஐந்து அறை, 4எஸ்-ல் ஒன்று, இருப்பது ஆறு எலக்ட்ரான். அறைக்கு ஒன்றாக, எல்லாம் ஒரே சுழற்சியோடு உட்கார்ந்துவிட்டால் 4எஸ்-ல் இரண்டு நெருக்கியடித்து ஒன்றையொன்று விலக்கவேண்டியதில்லை. இரண்டு ஆற்றல் மட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் இது கட்டுப்படியாகிறது. 'பாதி நிரம்பல்' மட்டுமே காரணம் என்றால் அதே தொகுதியில் கீழே இருக்கும் டங்ஸ்டன் ஏன் 5டி⁴ 6எஸ்² என்று இருக்கிறது? இதைக் கேள்வித்தாளில் கேட்கமாட்டார்கள், திருத்துவது சிரமம் பாருங்கள்.

குரோமியம் +3 கேட்டால் திணறாதீர்கள். 4எஸ்-ல் இருக்கும் ஒன்று முதலில், பிறகு 3டி-யிலிருந்து இரண்டு. மீதி 3டி³.