பிரமிளா ஜெயபாலின் மசோதாக்களில் பெரும்பாலானவை ‘அறிமுகம்’ என்ற நிலையிலேயே நிற்பது ஏன்?

சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், 2017 ஜனவரி முதல் வாஷிங்டன் மாநிலத்தின் 7ஆம் தொகுதியிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இருக்கிறார். மருத்துவம், வரி, குடியேற்றம், தொழிலாளர் உரிமை, ஏகபோகத் தடுப்பு, கல்லூரிக் கட்டணம் என்று பல துறைகளில் அவர் பெயரில் மசோதாக்கள் உண்டு. ‘அறிமுகம்’ என்ற சொல்லை வைத்து அவை எல்லாம் வீண் என்று சொல்லிவிட முடியாது. பட்டியல் நீளமாக இருக்கிறது என்பதற்காகச் சாதனை என்றும் சொல்லிவிட முடியாது. எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஏமாற்றும். ஒவ்வொரு மசோதாவும் எதுவரை போனது, எந்தக் குழுவில் நின்றது, அதன் வாசகம் வேறு சட்டத்துக்குள் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இந்தியாவில் முக்கியமான மசோதாக்களை அமைச்சர்கள் கொண்டுவருவார்கள். அமெரிக்காவில் அரசு மசோதா என்று தனியாக எதுவும் இல்லை. அதிபரோ அவரது அமைச்சர்களோ மசோதாவைத் தாக்கல் செய்ய முடியாது, ஒரு உறுப்பினர் வழியாகத்தான் வர வேண்டும். பிரதிநிதிகள் சபையில் தாக்கல் செய்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். உறுப்பினர் கையெழுத்திட்டு, எந்த அரசியலமைப்பு அதிகாரத்தின்படி கொண்டுவருகிறார் என்ற குறிப்பையும் சேர்த்து, சபை அலுவலர்கள் அமரும் மேடையில் உள்ள பெட்டியில் போட்டால் போதும். பிரதிநிதிகள் சபையும் மேலவையான செனட்டும் சேர்ந்ததுதான் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றம். தாக்கல் இவ்வளவு எளிது என்பதால்தான் ஈராண்டு கொண்ட ஒரு காங்கிரஸ் காலத்தில் 10,000-க்கும் மேற்பட்ட மசோதாக்களும் தீர்மானங்களும் வருகின்றன. சட்டமாவது சில நூறுதான். ஈராண்டு முடிந்ததும் நிறைவேறாத அத்தனையும் காலாவதி. அடுத்த காங்கிரஸில் புது எண்ணோடு மறுபடி தொடங்க வேண்டும். எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்ற ஜெயபாலின் ‘அனைவருக்கும் மெடிகேர்’ மசோதா 2019-ல் எச்.ஆர். 1384, 2021-ல் எச்.ஆர். 1976, 2023-ல் எச்.ஆர். 3421. பட்டியலில் தனித்தனியாகத் தெரிந்தாலும் யோசனை ஒன்றுதான்.

மசோதாக்களின் நிலவரத்தைக் காட்டும் அதிகாரபூர்வத் தளமான காங்கிரஸ்.கவ்-ல் உறுப்பினரின் பக்கத்தைத் திறந்தால், அவர் முன்மொழிந்தவையும் ஆதரித்துக் கையெழுத்திட்டவையும் கலந்து வரும். இடப்பக்க வடிகட்டியில் ‘முன்மொழிந்தவை’ என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். எண்களைக் கண்டபடி மேற்கோள் காட்டுபவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். அடுத்து, தீர்மானங்களைத் தனியே பிரியுங்கள். ‘எச்.ஆர்.’ என்று தொடங்கினால் மசோதா. ‘எச்.ரெஸ்.’ என்றிருந்தால் அது சபையின் கருத்தை மட்டும் சொல்லும் தீர்மானம், அதிபரின் மேசைக்கு அது போகவே போகாது. 2022 ஜூனில் ஜெயபால் கொண்டுவந்த திருநர் உரிமைப் பட்டயம் இந்த வகை. அது சட்டமாகவில்லை என்று குறை சொல்வதில் பொருளே இல்லை. துறைவாரியாகப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒரு மசோதாவுக்கு ஒரே ஒரு ‘கொள்கைத் துறை’ முத்திரைதான் குத்தப்படும். பல துறைகளைத் தொடும் மசோதாவைப் பிடிக்க, அதற்குக் கீழே உள்ள ‘பொருள்’ சொற்களில் தேட வேண்டும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதலில், தூரம் போன ஒன்று. வழக்கறிஞரை அணுகும் உரிமை மசோதா (எச்.ஆர். 1573): செல்லுபடியாகும் விசாவோ கிரீன் கார்டோ கையில் இருந்தும் விமான நிலையத்தில் இரண்டாம் கட்டச் சோதனைக்கு நிறுத்தப்படுபவர்கள், அது தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வழக்கறிஞரையோ உறவினரையோ தொடர்புகொள்ள வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 2017-ல் அதிபர் டிரம்பின் பயணத் தடை ஆணையால் விமான நிலையங்களில் பலர் சிக்கித் தவித்ததன் விளைவு இது. செனட்டராகக் கமலா ஹாரிஸ் தாக்கல் செய்த முதல் மசோதாவும் இதே பெயரில், இதே நோக்கத்துக்காக வந்ததுதான். ஜெயபாலின் மசோதா 2021 ஏப்ரல் 21 அன்று பிரதிநிதிகள் சபையில் 217–207 என்று நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே பொதுவாக 60 வாக்குகள் வேண்டும்; கட்சிப் பிளவோடு பத்து வாக்கு வித்தியாசத்தில் வரும் மசோதாவுக்கு அங்கே வழி குறைவு. சபையில் கிடைத்த வாக்கு எண்ணிக்கையைப் பார்த்தாலே இதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

‘அனைவருக்கும் மெடிகேர்’ வேறு மாதிரி. அது எரிசக்தி–வணிகக் குழுவுக்கும், கூடவே வரிவிதிப்புக் குழு, கல்வி–தொழிலாளர் குழு போன்றவற்றுக்கும் அனுப்பப்பட்டது. இத்தனை குழுக்களுக்குப் போகும் மசோதா தனியாக நகர்வது அரிது. ஆனால் அது வெறுமனே தூங்கவில்லை. 2019 ஏப்ரல் 30 அன்று சபையின் விதிகள் குழு இதன்மீது கருத்துக் கேட்பு அமர்வு நடத்தியது. அதுவரை எந்தக் காங்கிரஸ் குழுவும் இந்த யோசனைக்கு அப்படி ஒரு அமர்வு நடத்தியதில்லை. கருத்துக் கேட்பு வேறு, வரிவரியாகத் திருத்தி வாக்கெடுக்கும் ‘மார்க்-அப்’ வேறு என்பதை மனதில் வையுங்கள். பின்னது நடக்கவில்லை. பெர்னி சாண்டர்ஸின் செனட் மசோதாவையும் இதையும் ஒன்றென்று எழுதுகிறார்கள். வாசகத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். புதிய முறைக்கு மாற ஜெயபாலுடையது இரண்டு ஆண்டும், சாண்டர்ஸுடையது நான்கு ஆண்டும் தருகின்றன.

என் பார்வையில் அவருடைய பட்டியலில் மிக நுணுக்கமாக எழுதப்பட்டது வீட்டுப் பணியாளர் உரிமை மசோதாதான். பழைய சட்டங்களில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அடைக்கிறது. சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் 1935-ன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் வீட்டுப் பணியாளர்களை வெளியே வைத்தது. குறைந்தபட்ச ஊதியம், கூடுதல் நேர ஊதியம் பற்றிய நியாயமான உழைப்புத் தரச் சட்டம் 1974-ல்தான் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போதும் வீட்டிலேயே தங்கி வேலை செய்பவர்களுக்குக் கூடுதல் நேர ஊதியம் இல்லை. பணியிடப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டமோ 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும். ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் வேலை பார்த்தால் அவருக்கு அது உதவாது. எழுத்தில் பணி ஒப்பந்தம், சம்பளத்தோடு நோய் விடுப்பு ஆகியவற்றையும் மசோதா கேட்கிறது. 2019-ல் இதன் செனட் வடிவத்தைக் கொண்டுவந்தவர் கமலா ஹாரிஸ். 2021-ல் அவர் துணை அதிபராகிவிட்டதால் கிர்ஸ்டன் ஜில்லிபிராண்ட் எடுத்துக்கொண்டார். ஒரே பெயரை வைத்துத் தேடினால் இந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். ‘தொடர்புடைய மசோதாக்கள்’ என்ற பக்கத்தைத் திறந்து பார்ப்பது இதற்காகத்தான்.

பெரும் செல்வந்தர் வரி மசோதா (2021, எச்.ஆர். 1459) சுருக்கமானது. 5 கோடி டாலருக்கு மேற்பட்ட நிகரச் சொத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீதம், 100 கோடிக்கு மேல் 3 சதவீதம். செனட்டில் இதைக் கொண்டுவந்தவர் எலிசபெத் வாரன். வரிவிதிப்புக் குழுவோடு நின்றது.

இப்போது பட்டியலில் தெரியாத பகுதி. ஒரு மசோதாவுக்கு முதன்மை முன்மொழிபவர் ஒருவர்தான்; மற்றவர்கள் எவ்வளவு உழைத்திருந்தாலும் இணை முன்மொழிபவர்கள். பிரதிநிதிகள் சபையில் ஜெயபாலின் சகாவான, தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்டாக்கை விற்க வேண்டும் அல்லது மூட வேண்டும் என்ற எச்.ஆர். 7521-ஐ சக உறுப்பினர் மைக் கல்லகரோடு சேர்ந்து முன்னெடுத்தவர் அவர். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் இருப்பது கல்லகரின் பெயர் மட்டுமே. 2024 மார்ச் 13 அன்று சபையில் 352–65 என்று நிறைவேறிய பிறகும் அந்த எண் சட்டமாகவில்லை. விற்பனைக் கெடு 180 நாளிலிருந்து 270 நாளாக மாறி, அதன் வாசகம் எச்.ஆர். 815-க்குள் போனது. முன்னாள் படைவீரர்களின் அவசர சிகிச்சை பற்றிய மசோதாவாகத் தொடங்கிய எண் அது! ஏப்ரல் 24 அன்று அதிபர் கையெழுத்திட்டார். கிருஷ்ணமூர்த்தியின் ‘முன்மொழிந்தவை’ பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

ஏகபோகத் தடுப்பிலும் இதே கதை. 2021 ஜூனில் ஜெயபால் கொண்டுவந்த எச்.ஆர். 3825, மாபெரும் இணையத் தள நிறுவனங்கள் தம் தளத்தை நம்பியிருக்கும் வணிகர்களோடு தாமே போட்டியிடும் தொழில்களை வைத்திருக்கக் கூடாது என்றது. நீதித் துறைக் குழுவில் 21–20 என்று மயிரிழையில் தப்பியது, சபை வாக்கெடுப்புக்கு வரவில்லை. அதோடு ஒரே தொகுப்பாக வந்த, சக உறுப்பினர் ஜோ நெகூஸ் முன்மொழிந்த இணைப்புக் கட்டண மசோதாவோ 2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான பெரும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் புகுந்து சட்டமானது. 500 கோடி டாலருக்கு மேற்பட்ட நிறுவன இணைப்புகளுக்கான பதிவுக் கட்டணம் அதனால் 22.5 லட்சம் டாலராக உயர்ந்தது. நிறுவனத்தின் கட்டமைப்பையே மாற்றும் மசோதா நிற்கும். கட்டணத்தை மாற்றும் மசோதா கடக்கும். எந்த உறுப்பினரின் பட்டியலிலும் இந்த வேறுபாட்டைத் தேடிப் பாருங்கள்.

‘கடைசி நடவடிக்கை’ என்ற வரியை நம்ப வேண்டாம். ‘துணைக் குழுவுக்கு அனுப்பப்பட்டது’ என்பது பெரும்பாலும் மொத்தமாக நடக்கும் அலுவலகப் பதிவு, அதில் முன்னேற்றம் எதுவும் இல்லை. நிதி மதிப்பீடு இல்லாததையும் குறையாக எடுக்க வேண்டாம். காங்கிரஸ் நிதி அலுவலகம் பொதுவாக முழுக் குழு ஒப்புதல் தந்த மசோதாக்களுக்குத்தான் மதிப்பீடு போடும். ஒரு மசோதா வேறெங்காவது கலந்ததா என்று அறிய, அதில் மட்டுமே வரக்கூடிய ஒரு சொற்றொடரையோ வரையறையையோ எடுத்து, அந்தக் காங்கிரஸின் இறுதியில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டம், பாதுகாப்புத் துறை அங்கீகாரச் சட்டம் இரண்டின் முழு வாசகத்திலும் தேடுங்கள். தலைப்பை வைத்துத் தேடினால் கிடைக்காது. சேர்க்கும்போது தலைப்பை அடிக்கடி எடுத்துவிடுவார்கள்.