ஒண்ணுக்கு முட்டி முழிப்பா, முழித்ததால் ஒண்ணுக்கா?

கேள்வி: வயது 54ங்க. தறி ஓட்டுகிறேன். ராத்திரி 9 மணிக்குப் படுத்தால் 11, 1.30, 3.30 என்று முழிப்பு வந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து படுக்கிறேன். 3.30க்கு மேல் தூக்கமே இல்லை. பொழுதோட பார்த்தால் காலில் செருப்பு வார் பதிந்து கிடக்கிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாங்களா?
– வாசகர், சோமனூர்

பதில்: வேண்டாங்க. அந்த மயக்கத்தோடு இருட்டில் பாத்ரூம் போய் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறவர்கள் உண்டு. காரணமும் அப்படியே இருக்கும்.

தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. சுற்று முடிகிற இடத்தில் எல்லாருக்கும் லேசாக முழிப்பு தட்டும். புரண்டு படுத்தால் காலையில் நினைவிருக்காது. உங்களை ஒண்ணுக்கு முட்டி எழுப்புகிறதா, அல்லது முழிப்பு வந்த பிறகு ‘எதுக்கும் போயிட்டு வருவோம்’ என்று போகிறீர்களா? அளந்தால் தெரிந்துவிடும்.

மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் ஜார் ஒன்று போதும். 3 நாள், ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். படுக்கும் முன் போவது பகல் கணக்கு; காலையில் எழுந்ததும் போகிற முதல் ஒண்ணுக்கு ராத்திரிக் கணக்கு. இந்த இடத்தில்தான் பலர் கணக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் மொத்தம் 1,800 மில்லி என்றால், ராத்திரிப் பங்கு 600ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் உடம்பு ராத்திரியில்தான் நீரை வெளியேற்றுகிறது. ஒவ்வொரு தடவையும் 100 மில்லிகூட வராவிட்டால், ஒன்று தூக்கம் வேறு எதனாலோ கலைகிறது, அல்லது மூத்திரப்பையிலோ புராஸ்டேட்டிலோ கோளாறு. மொத்தமே 3 லிட்டரைத் தாண்டினால் சர்க்கரையைப் பாருங்கள்.

எங்கள் சந்தேகம் முதலில் அந்தச் செருப்பு வார்த் தடத்தின் மேல்தான். நாளெல்லாம் தறிக்குடோனில் நின்றால் நீர் காலில் இறங்கித் தேங்கும். படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பி, கிட்னி வழியாக வெளியே வரும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்திப் பாருங்கள். குழி நின்றால் அதுதான். வேலை முடிந்து வந்ததும், 6 மணி வாக்கில், கட்டிலில் படுத்து, கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணை வைத்து 1 மணி நேரம் கிடங்கள். தூங்கிவிடாதீர்கள். தூங்கப் போகும் முன்பே அந்த நீர் பிரிந்துவிடும். பிரஷர் மாத்திரையில் அம்லோடிபின் இருந்தால் அதுவே காலை வீங்க வைக்கும். நீர் பிரிய வைக்கும் மருந்து என்றால் ராத்திரியில் போடக் கூடாது. இரண்டையும் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பயந்துகொண்டு பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். குடோன் வெக்கைக்கு கிட்னியில் கல் சேர்ந்துவிடும். படுக்க 2 மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். கடைசி டீ 3 மணிக்கு. 7 மணி டீயின் வீரியத்தில் பாதி நள்ளிரவுவரை உடம்பில் நிற்கும். ராத்திரி ஊறுகாய், அப்பளம் வேண்டாம். உப்பு கூடினால் ஒண்ணுக்கும் கூடும்.

3.30 முழிப்புக்கு வேறு கணக்கு. 9க்குப் படுத்தவர் அதற்குள் ஆறரை மணி நேரம் படுக்கையில் இருந்தாகிவிட்டது. 10.30க்குப் படுத்து 5க்கு எழுந்து பாருங்கள். மணி பார்க்காதீர்கள். வெகுநேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்து திண்ணையில் சும்மா உட்காருங்கள், கண் சொக்கியதும் வந்து படுக்கலாம். போன் வேண்டாம்.

வீட்டுக்காரம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: குறட்டை நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி வருகிறதா? காலையில் வாய் வறட்சி, தலைவலி உண்டா? தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்கு அது அடையாளம். அதுவும் ராத்திரி ஒண்ணுக்கைக் கூட்டும். தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும்.

ஒண்ணுக்கில் ரத்தம், எரிச்சல், சொட்டுச் சொட்டாகப் போவது, படுத்தால் மூச்சு முட்டுவது – இதில் ஒன்று இருந்தாலும் 3 நாள் அளவுக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்க.