நீர்க்கடுப்புக்குச் சூடுதான் காரணமா?

கேள்வி: வயது 27. ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீர்க்கடுப்பு வருகிறது. ‘உடம்பு சூடு, இளநீர் குடி’ என்கிறார் அம்மா. மெடிக்கலில் கேட்டு மாத்திரையும் போட்டுப் பார்த்தேன், மறுபடி வருகிறது. பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும், அவர் ஆண். அதனால் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறேன். என்ன செய்யலாம் டாக்டர்?

பதில்: காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். ‘தண்ணீர் குடிக்கிறீர்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘நிறைய’ என்பார்கள். நான் வேறு மாதிரி கேட்பேன்: ‘காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை எத்தனை தடவை பாத்ரூம் போனீர்கள்?’ கடையில் நிற்கும் பெண்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘ஒரு தடவை’ என்பார்கள்.

அம்மா சொல்வது பாதி சரி. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து எரியும். ஆனால் அடிக்கடி வரும் கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற குடல் கிருமி. பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான், அதனால் கிருமி சுலபமாகச் சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடும். அடிக்கடி சிறுநீர் போனால் கிருமி வெளியேறும். அடக்கினால் உள்ளேயே பெருகும். இளநீர் நல்லதுதான், அதுவும் திரவம்தானே!

2018-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி அடிக்கடி அவதிப்பட்ட, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள் இருந்தார்கள். தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 1.7 தடவைதான் தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. வீட்டுக்குப் போய் ராத்திரி மொத்தமாகக் குடிப்பது இதற்கு ஈடாகாது.

அடுத்த முறை கடுப்பு வந்தால், மாத்திரை போடும் முன்பே சிறுநீர் கல்ச்சர் கொடுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று அதில் தெரியும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி இருந்தாலோ, கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சரி, சூப்பர்வைசர்? கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி கொடுக்கவே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. கூச்சம் உங்கள் குறை இல்லை. நாலைந்து பெண்கள் சேர்ந்து கேளுங்கள், மற்றவர்களும் அடக்கிக்கொண்டுதான் நிற்பார்கள். அப்புறம், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும் என்று டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கொடுங்கள். நோயின் பெயர் வேண்டாம் என்றால் ‘மருத்துவக் காரணம்’ என்று மட்டும் எழுதித் தருவார்.