நீங்களாக ரத்து செய்யாதீர்கள்

நாளை மறுநாள் போய் இறங்க வேண்டிய வீட்டில் குழாய் உடைந்துவிட்டது, "முன்பதிவை நீங்களே ரத்து செய்யுங்கள், பணத்தைத் தனியாக அனுப்பிவிடுகிறேன்" என்று உரிமையாளர் போனில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த 'ரத்து' பொத்தானைத் தொடாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் அது உங்கள் விருப்பமாகவே பதிவாகும். கடைசி நேரம் என்பதால் பெரும்பாலும் பணம் முழுதாகத் திரும்பாது. ரத்து அவர் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

முன்பதிவு செய்த செயலியிலேயே அவருக்கு ஒரு வரி போடுங்கள்: "குழாய் உடைந்ததால் வீடு தர முடியாது என்றீர்கள், சரிதானே?" அவர் "ஆமாம்" என்று பதில் போட்டாலே ஆதாரம் ஆகிவிடும். அப்புறம் அந்தச் செயலியின் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். ஏர்பிஎன்பி (வீடுகளைச் சில நாட்கள் தங்க வாடகைக்குப் பதிவு செய்யும் தளம்) வழியாகப் பதிவு செய்திருந்தால், தங்க வேண்டிய நாளுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் உரிமையாளர் ரத்து செய்தால், அதேபோன்ற வேறு இடம் தேட உதவுவார்கள். கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்புவார்கள்.

"பக்கத்திலேயே இன்னொரு வீடு இருக்கிறது" என்று உரிமையாளர் படம் அனுப்பி முன்பணம் கேட்டால், வேண்டவே வேண்டாம். எனக்கு அது சந்தேகமாகத்தான் படுகிறது.

குழந்தைகளோடு போகிறீர்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய ஓட்டல் அறை ஒன்றை முதல் இரவுக்காவது இப்போதே பிடித்து வையுங்கள்.